வழங்கல் சங்கிலியின் கடைசிக் கண்ணி: அதிர்ச்சியைச் சுமப்பவர் யார்?

2025 ஏப்ரல் 2ஆம் திகதி வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். நாடுகளின் பெயர்களுக்கு எதிரே வீதங்கள் எழுதப்பட்டிருந்தன. இலங்கையின் பெயருக்கு எதிரே 44 என்று இருந்தது. இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும் பொருட்களுக்கு 44 வீதம் மேலதிகத் தீர்வை என்பது அதன் அர்த்தம். ஒரு வாரத்தில் அது 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டு, இடைக்காலத்துக்கு 10 வீதம் என்றானது. ஜூலையில் 30 வீதம் என்று கடிதம் வந்தது. அந்த மாத இறுதியில் அது 20 ஆகக் குறைக்கப்பட்டு, ஓகஸ்ட் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

கொழும்பில் இந்த எண்கள் ஏற்றுமதி வருமானம், டொலர் கையிருப்பு, பேச்சுவார்த்தைக் குழு என்ற அளவில் பேசப்பட்டன. அது பிழையல்ல. இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்கே போகிறது. ஆனால், அந்தப் பேச்சில் ஒரு தரப்பு விடுபட்டுப்போனது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் விடியற்காலையில் வீதியோரம் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள்தான் அவர்கள். யுத்தம் முடிந்த பின்னர் வன்னிக்கு வந்த தனியார் முதலீடுகளில் முக்கியமானது ஆடைத் தொழிற்சாலை. கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர், தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் எனப் பலருடைய வீடுகளுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று அங்கிருந்துதான் வந்தது. வொஷிங்டனில் ஒரு பலகையில் எழுதப்பட்ட எண் இந்த வீடுகளின் அடுப்புவரை எப்படி வந்து சேர்கிறது?

அது வந்து சேரும் பாதையின் பெயர்தான் வழங்கல் சங்கிலி. பல்கலைக்கழக முகாமைத்துவ பீடங்களில் பாடமாகவும், வேலைவாய்ப்பு விளம்பரங்களில் தகைமையாகவும் நாம் காணும் சொல் அது. மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து, அதைப் பயன்படுத்துபவரின் கைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு பொருளைத் தொடும் எல்லோரும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். அதன் அடிப்படைகளைத் தெரிந்துகொள்வது முகாமையாளர்களுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. சங்கிலியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாதவர், அது இழுபடும்போது யார் இழுத்தது என்றும் அறியமாட்டார்.

சொல் தெரியாமலே படித்த பாடம்

வடக்கின் மக்கள் இந்தப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே ஏற்கெனவே படித்தவர்கள். 1990இல் ஏ9 வீதி மூடப்பட்டு, பொருளாதாரத் தடை வந்த காலத்தை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம் என்று தடை செய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, மண்ணெண்ணெயைத் துளித்துளியாக மிச்சம் பிடித்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். துளி பெற்றோல் காட்டி இயக்கிய பின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் வீதியெங்கும் புகை கக்கின. கிளாலிக் கடலில் படகேறி உயிரைப் பணயம் வைத்துப் போய் வந்தார்கள்.

முகாமைத்துவ நூல்கள் இதையெல்லாம் வேறு பெயர்களில் சொல்லும். ஒரே வழியை நம்பியிருப்பது ஆபத்து. கையிருப்பு இல்லாதவர் முதலில் விழுவார். ஒரு பொருள் இல்லாதபோது மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பவர் தாக்குப்பிடிப்பார். 2002இல் பாதை திறந்தபோதும், 2006 ஓகஸ்டில் முகமாலையோடு அது மீண்டும் மூடப்பட்டு யாழ்ப்பாணம் கப்பல் வழியை மட்டும் நம்பி நின்றபோதும், அதே பாடம் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தக் காலத்திலிருந்து இன்னொன்றையும் நாம் அறிவோம். பாதை மூடப்பட்டபோது எல்லோரும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. களஞ்சியம் வைத்திருந்த வியாபாரி விலையேற்றத்தில் இலாபம்கூடக் கண்டார். வெளிநாட்டிலிருந்து காசு வந்த வீடு விலை கொடுத்து வாங்கியது. அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்கிய குடும்பம்தான் பட்டினி கிடந்தது. சங்கிலியின் எந்த முனையில் அதிர்ச்சி தொடங்கினாலும், தாங்குவதற்கு எதுவும் இல்லாதவரிடம் போய்த்தான் அது நிற்கும். இன்றைய உலகச் சங்கிலியையும் இந்த அறிவோடு பார்த்தால் பல விடயங்கள் புலப்படும்.

ஒரு சட்டையின் பயணம்

வன்னியில் தைக்கப்படும் ஒரு ஆடையை எடுத்துக்கொள்வோம். அதன் பருத்தி அமெரிக்காவிலோ இந்தியாவிலோ விளைந்திருக்கலாம். நூல் ஒரு நாட்டில் நூற்கப்பட்டு, துணி இன்னொரு நாட்டில் நெய்யப்பட்டுச் சாயமிடப்படும். நெய்த துணியின் பெரும்பகுதியை இலங்கை சீனா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்தே வாங்குகிறது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் துணி, 300 கிலோமீற்றருக்கும் மேல் ஏ9 வழியாக லொறியில் கிளிநொச்சிக்கு வருகிறது. வெட்டி, தைத்து, சோதித்து, பெட்டியில் அடைத்ததும் அதே வீதியால் திரும்பிப் போகிறது. கொள்கலனில் ஏறி, கடல் கடந்து, ஒரு பெரிய களஞ்சியத்தில் இறங்கி, கடைக்குப் போகிறது.

இந்தச் சங்கிலியில் மூன்று ஓட்டங்கள் உண்டு. பொருள் ஒரு திசையில் ஓடுகிறது. பணம் அதற்கு எதிர்த்திசையில், பெரும்பாலும் மிகப் பிந்தி, ஓடுகிறது. மூன்றாவது தகவல். எந்தக் கடையில் எத்தனை விற்றது, அடுத்த பருவத்துக்கு எவ்வளவு வேண்டும், வேறு நாட்டுத் தொழிற்சாலை என்ன விலை சொல்கிறது என்ற தகவல்கள் எல்லாம் வாங்கும் நிறுவனத்திடம் குவிந்திருக்கின்றன. பெயருக்கு உரிமையுள்ள அந்த நிறுவனம் பல சந்தர்ப்பங்களில் ஒரு தையல் இயந்திரத்தைக்கூடச் சொந்தமாக வைத்திருப்பதில்லை. ஆனாலும் விலையை அதுவே சொல்கிறது. தொழிற்சாலை அந்த விலைக்குள் துணியையும் மின்சாரத்தையும் சம்பளத்தையும் அடக்கவேண்டும். துணிக்கான பணத்தை முதலில் தொழிற்சாலை கட்டுகிறது. ஆடை கப்பலேறி 60, 90 நாட்கள் கழித்தே வாங்குபவரின் பணம் வருகிறது என்பது இத்துறையில் சாதாரணம்.

இந்த ஏற்பாட்டின் பொருள் 2020இல் உலகுக்குத் தெரிந்தது. கொவிட் பரவி மேற்குலகில் கடைகள் பூட்டப்பட்டதும் பல பெரிய நிறுவனங்கள் கட்டளைகளை இரத்துச் செய்தன. வெட்டித் தைத்து முடித்த ஆடைகளையும் சில நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டொலருக்கும் மேற்பட்ட கட்டளைகள் இரத்துச் செய்யப்பட்டன அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. துணிக்குக் காசு கட்டிய தொழிற்சாலைகள் திணறின. அவை சம்பளத்தில் கைவைத்தன. மாத முடிவில் வாடகையும் கடன் தவணையும் கட்டவேண்டியவருக்கு அந்த இரத்தை வேறு யாரிடமும் கைமாற்றிவிட வழியிருக்கவில்லை.

கையிருப்பு எங்கே போனது?

எமது வீடுகளில் ஒரு மூடை அரிசியும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் எப்போதும் இருக்கவேண்டும் என்று பாட்டிமார் பிடிவாதமாக இருப்பார்கள். யுத்தம் பழக்கிய பழக்கம் அது. முகாமைத்துவ மொழியில் அது பாதுகாப்புக் கையிருப்பு.

நவீன நிறுவனங்கள் இதற்கு எதிர்த்திசையில் நடந்தன. தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவில் மட்டும் வரவேண்டும் என்ற முறையை ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய பத்தாண்டுகளில் வளர்த்தெடுத்தது. களஞ்சியத்தில் கிடக்கும் பொருள் முடங்கிய பணம் என்பது அதன் அடிப்படை. அந்த முறையில் வீண்செலவு குறைந்தது என்பதும் தரக் குறைபாடுகள் உடனே வெளித்தெரிந்தன என்பதும் உண்மை. ஆனால், அது உலகம் முழுக்கப் பரவியபோது பல இடங்களில் வேறு வடிவம் எடுத்தது. பெரிய நிறுவனம் தன் கையிருப்பைக் குறைத்தது. அதனால் எழும் அவசரத்தைக் கீழே இருப்பவரிடம் தள்ளிவிட்டது.

கட்டளை தந்த நாளிலிருந்து பொருள் கைக்கு வரும்வரையான காலத்தை முன்னோடிக் காலம் என்று சொல்லலாம். கடையில் போக்கு வேகமாக மாறும் ஆடைத்துறையில் இந்தக் காலத்தைச் சுருக்குவதற்கே பெரும் போட்டி. கடலில் கப்பல் ஓடும் நாட்களைச் சுருக்க முடியாது. துணி நெய்யும் நாட்களையும் பெரிதாகச் சுருக்க முடியாது. ஆகவே, தைக்கும் நாட்கள் சுருக்கப்படுகின்றன. ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கிடப்பட்டு, மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று இலக்கு வைக்கப்படுகிறது. துணி பிந்தி வந்தாலும் கப்பல் காத்திருக்காது. தொழிற்சாலையின் பக்கத்துத் தாமதம் என்றானால், விமானத்தில் அனுப்பும் செலவும் தொழிற்சாலையின் தலையில் விழலாம். அந்தச் செலவைத் தவிர்க்க எளிய வழி மேலதிக நேர வேலை.

மேலே களஞ்சியத்தில் வைக்காத கையிருப்பை, கீழே ஒரு பெண்ணின் உடம்பு ஈடுசெய்கிறது. முதுகு நோவும், சாப்பிடாமல் விட்ட மதியமும், பிள்ளையைப் பார்க்காத மாலையும் எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் செலவாகப் பதியப்படுவதில்லை.

சாட்டையின் நுனி

இன்னொரு அடிப்படைப் பாடம், கேள்வி எப்படிப் பெருகிப் பெருகிப் பின்னோக்கி வருகிறது என்பது. சாட்டையின் பிடியைச் சற்று அசைத்தால் நுனி வெகுதூரம் சுழலும். அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜே ஃபொரெஸ்டர் இதை 1961இல் விளக்கினார். கடையில் பத்துச் சட்டை கூடுதலாக விற்றால், கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று இருபது கேட்பார். மொத்த வியாபாரி நாற்பது கேட்பார். தொழிற்சாலை எண்பதுக்குத் துணி கேட்கும். விற்பனை சற்றுக் குறைந்தால் இதே பெருக்கம் மறுபக்கமாக நடக்கும்.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் இது விளங்கும். டொலர் இல்லாமல் எரிபொருள் குறைந்தது உண்மை. ஆனால், நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயத்தில் பாதித் தாங்கி நிறைந்திருந்தவர்களும் வரிசைக்கு வந்தார்கள். கிடைத்ததைக் கானில் ஊற்றிச் சேர்த்தார்கள். தட்டுப்பாடு இரட்டித்தது. ஜூலை பிற்பகுதியில் கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று வரையறுத்தபோது வரிசைகள் சுருங்கத் தொடங்கின. எவ்வளவு கிடைக்கும் என்ற தகவல் உறுதியானதும் பதற்றம் குறைந்தது.

அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. சிறுபடகில் தொழில் செய்யும் கடற்றொழிலாளர்கள் பலர் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். எரிபொருள் விலையை நுகர்வோரிடம் ஏற்றிவிட வியாபாரியால் முடியும். மீனின் விலையைக் கரையில் நிற்கும் முதலாளி சொல்ல, அதைக் கேட்டு விற்பவரால் அது முடியாது.

ஆடைத்துறையிலும் இந்தச் சாட்டை சுழன்றது. கொவிட்டுக்குப் பின் மேற்குலகக் கடைகள் அளவுக்கு மீறிக் கட்டளை கொடுத்தன. 2022இன் பிற்பகுதியில் பொருட்கள் தேங்கின. 2023இல் இலங்கையின் ஆடை, புடவை ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு வீழ்ந்தது. மேலதிக நேர வேலை இல்லாமற்போனது, ஊக்கக் கொடுப்பனவு குறைந்தது என்று எமது ஊர்களில் பேசப்பட்டதெல்லாம் அந்தச் சாட்டையின் நுனி பட்ட அடிதான். ஒரு பருவத்தில் ஓய்வில்லாத வேலை, மறு பருவத்தில் வேலையில்லாத ஓய்வு என்பது எந்தத் தொழிலாளியின் சோம்பலாலும் நேர்ந்ததல்ல.

ஒடுங்கிய வாசல்கள்

ஓமந்தையும் முகமாலையும் எமக்கு எப்படியோ, உலக வாணிபத்துக்கு சுயஸ் கால்வாயும் பாப் எல் மண்டெப் நீரிணையும் அப்படி. 2021 மார்ச் 23ஆம் திகதி எவர் கிவன் என்ற கொள்கலன் கப்பல் சுயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் கிடந்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்து நின்றன. 2023 நவம்பர் முதல், காஸா யுத்தத்தைக் காரணம் காட்டி யேமனின் ஹூதி இயக்கம் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியது. பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்கான பயணத்தில் பத்து நாட்களுக்கும் மேல் கூடியது.

இதனால் கொழும்புத் துறைமுகத்துக்கு வேலை கூடியது. கப்பல் மாற்றி ஏற்றும் கொள்கலன்கள் பெருகின. அதே நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கோ கப்பல் கட்டணமும் நாட்களும் கூடின. ஒரே அதிர்ச்சி ஒரு கண்ணிக்கு வருமானமாகவும் இன்னொரு கண்ணிக்கு நட்டமாகவும் ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். நாடு இலாபமடைந்ததா, நட்டமடைந்ததா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்தக் கண்ணி என்று கேட்பதே பொருத்தமானது.

44 எங்கிருந்து வந்தது?

மீண்டும் ட்ரம்பின் பலகைக்கு வருவோம். 44 என்ற எண் இலங்கை அமெரிக்கப் பொருட்களுக்கு விதிக்கும் வரிகளை ஆராய்ந்து எடுக்கப்பட்டதல்ல. 2024இல் அமெரிக்கா இலங்கையிலிருந்து ஏறத்தாழ 300 கோடி டொலருக்குப் பொருட்கள் வாங்கியது. இலங்கை அமெரிக்காவிடமிருந்து வாங்கியது 37 கோடி டொலர் அளவுக்கு. இடைவெளியை இறக்குமதித் தொகையால் வகுத்தால் 88 வீதம். அதைப் பாதியாக்கினால் 44. தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண் அமெரிக்காவை ஏமாற்றினார் என்பதுபோல அந்தக் கணக்கு அமைந்தது. அவர் செய்ததெல்லாம் அமெரிக்க நிறுவனங்கள் கேட்டதைக் கேட்ட விலைக்குத் தைத்துக் கொடுத்தது மட்டுமே.

தீர்வையைச் சட்டப்படி கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால், உண்மையில் யார் சுமப்பது என்பது சங்கிலிக்குள் நடக்கும் பேரத்தில் தீர்மானமாகும். வாங்குபவர் தன் இலாபத்தைக் குறைக்கலாம். கடை விலையை ஏற்றலாம். அல்லது, தொழிற்சாலையிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம். வியட்நாமுக்கும் பங்களாதேஷுக்கும் 20 வீதம், பாகிஸ்தானுக்கு 19 வீதம் என்று தீர்வைகள் ஏறத்தாழச் சமமாக அமைந்தபோது இலங்கைத் தொழிற்சாலைகள் மூச்சுவிட்டன. ஆனாலும், வாங்குபவரிடம் நாலைந்து நாடுகள் தெரிவாக இருக்கின்றன. தொழிற்சாலைக்குச் சில வாங்குபவர்கள். தொழிலாளிக்கு ஊரில் ஒரே ஒரு தொழிற்சாலை. பேர பலம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவது இப்படித்தான்.

அந்த ஒன்றும் நிரந்தரம் அல்ல. 2025 மே மாதத்தில் பிரித்தானிய நிறுவனமான நெக்ஸ்ட், செலவு கூடிவிட்டது என்று கூறிக் கட்டுநாயக்கவில் இருந்த தன் தொழிற்சாலையை மூடியது. சுமார் 1,400 பேர் வேலையிழந்தார்கள். கட்டுநாயக்கவில் வேலையிழந்தவர் பக்கத்துத் தொழிற்சாலைக் கதவைத் தட்டலாம். வன்னியில் அப்படியொன்று நடந்தால் தட்டுவதற்குக் கதவு மிகக் குறைவு.

மறுமுனையிலிருந்து இழுத்தல்

சங்கிலி என்பது இரு பக்கமும் இழுபடக்கூடியது. தமிழ் மக்களுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. சிவில், அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமைகள் தொடர்பான மூன்று ஐ.நா. சமவாயங்களை இலங்கை சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி, 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்தில் அது திரும்பக் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவது அப்போது பேசப்பட்ட முக்கிய உறுதிமொழிகளில் ஒன்று. சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்காமல் பேசவேண்டும். யாருடைய உரிமைக்காக அந்தச் சலுகை நிறுத்தப்படுகிறதோ, அவரே அதன் நட்டத்தையும் சுமக்க நேரலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் மகள், ஐரோப்பாவுக்கு ஆடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடும். ஆகவே, சலுகை வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பதில்களுக்குள் நின்றுவிடாமல், அழுத்தத்தின் செலவு கொழும்பில் முடிவெடுப்பவர்மீது விழும்படி செய்வது எப்படி என்று எமது அரசியல் பிரதிநிதிகளும் புலம்பெயர் அமைப்புகளும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சலுகை இருப்பதும் கிடைப்பதும் ஒன்றல்ல. நெய்த துணியில் தைத்த ஆடைக்கு ஐரோப்பியச் சலுகை கிடைக்க, பொதுவாகத் துணியும் இலங்கையில் நெய்யப்பட்டிருக்க வேண்டும். துணியை வெளியே வாங்கும் நாடு இதனால் சலுகையின் ஒரு பகுதியை இழக்கிறது. பிரித்தானியா இந்த விதியைத் தளர்த்தப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. ஓர் அலுவலகத்தில் மாறும் விதி எத்தனை வேலைகளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

இன்னொரு இழுவையும் வந்திருக்கிறது. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கையில் மேற்குலக நிறுவனங்கள் கையெழுத்திட்டன. தம் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறலுக்குத் தாமே பொறுப்பு என்று பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை ஜேர்மனி 2023 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. பாதிக்கப்பட்ட தொழிலாளி அந்நாட்டு அதிகாரசபைக்கு முறையிட அதில் இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் இத்தகைய ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நிறுவனங்களின் எதிர்ப்பினால் அது 2025இல் ஒத்திவைக்கப்பட்டது. இந்தச் சட்டங்கள் பலவீனப்படுவதற்கு முன் அவற்றை அறிந்து பயன்படுத்தும் தொழிற்சங்கமோ பெண்கள் அமைப்போ வடக்கில் எத்தனை இருக்கின்றன?

எந்தக் கண்ணியில் எம்மை வைக்கிறார்கள்?

பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. வேலைவாய்ப்பு என்ற சொல் எமது மக்களுக்கு இனிப்பானது. யாரும் அதை எதிர்க்கமாட்டார்கள். எதிர்க்கவும் கூடாது. ஆனால், எந்த வேலை என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

இந்த இடங்களின் பெயர்களே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. காங்கேசன்துறையின் சுண்ணாம்புக்கல் அங்கேயே சீமெந்து ஆனது. ஆனையிறவில் விளைந்த உப்பு அருகிலிருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆனது. அவை வேறு தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாகப் போயின. ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள் ஒரே பிரதேசத்தில் இருந்தன. உப்பு வாய்க்கும் கூலியாளுக்கும் இரசாயனம் படித்த பட்டதாரிக்கும் அங்கே இடம் இருந்தது. யுத்தம் இரண்டு தொழிற்சாலைகளையும் முடக்கியது. 2025 மார்ச்சில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது, பக்கற்றில் எந்தப் பெயர் இருப்பது என்ற சர்ச்சை எழுந்தது. அதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்குவது தவறு. இன்றைய சங்கிலிகளில் அதிக பணம் சேர்வது பெரும்பாலும் பெயர் ஒட்டப்படும் இடத்தில்தான்.

கடலிலும் இதே நிலைதான். எமது கடலில் பிடிபடும் நீலக்கால் நண்டு அமெரிக்கச் சந்தைவரை போகிறது. வலை வாங்க முற்பணம் தந்த வியாபாரிக்கே நண்டை விற்கவேண்டிய நிலையில் இருக்கும் கடற்றொழிலாளிக்கு அங்கே என்ன விலை போகிறது என்பது தெரியாது. இந்திய இழுவைப்படகு வலையை அறுத்தால் அந்த நட்டமும் அவருடையது. குளிர்களஞ்சியமும், முற்பணம் கொடுக்கக்கூடிய பலமுள்ள கூட்டுறவுச் சங்கமும் இருந்தால், அவர் சங்கிலியில் ஒரு படி மேலே ஏறலாம். வடக்கில் கூட்டுறவுக்கு நீண்ட வேர் உண்டு என்பதால் இது கற்பனை அல்ல.

ஆகவே, வலயம் வரும்போது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் எமது பிரதிநிதிகள் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. மூலப்பொருள் எங்கிருந்து வரும். இங்கே விளைவதை இது வாங்குமா? விலையை யார் சொல்வது? ஒரே வாங்குபவரையா நம்பியிருக்கிறது? கட்டளை நின்றால் சம்பளம் எத்தனை மாதம் தொடரும், அதற்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா? தையல், பொதியிடல் தவிர, வடிவமைப்பு, கொள்வனவு, தரக் கட்டுப்பாடு, ஏற்றுமதி ஆவணம் போன்ற வேலைகளில் எத்தனை இங்குள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? தொழிற்சங்கம் அமைக்கத் தடையிருக்குமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தொழிற்பயிற்சி நிலையங்களும் வழங்கல் சங்கிலியைப் பாடமாகக் கற்பிக்கும்போது, களஞ்சியக் கணக்கோடும் மென்பொருளோடும் நின்றுவிடாமல் இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கொழும்பில் நல்ல வேலை கிடைக்கலாம், கிடைக்கட்டும். அதோடு, தன் ஊரில் தொழிற்சாலை திறக்க வரும் ஒருவரின் ஒப்பந்தத்தை வாசித்து, நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்று எழுதப்பட்டிருக்கும் வரியைக் கண்டுபிடிக்கவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.